தொங்கும் சுவீடன் ஐவியும் கற்பூரவல்லியும்: ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்தலாமா?

தொட்டித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். என் சன்னலோரத்தில் இரண்டு தொட்டிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் பல ஆண்டுகளாக நான் வளர்த்துவரும் கற்பூரவல்லி இருக்கிறது. மற்றொன்றைச் சென்ற ஆண்டு ஒரு நாற்றுப்பண்ணையில் "தொங்கும் கற்பூரவல்லி" என்ற பெயர்ச்சீட்டுடன் வாங்கினேன். அதன் இலைகள் ஏறத்தாழ வட்டமாகவும், ஓரத்தில் அரைவட்டப் பற்களோடும், எண்ணெய் பூசியது போன்ற பளபளப்போடும் இருக்கின்றன. கொடி தொட்டியின் விளிம்பைத் தாண்டி இரண்டடிக்கும் மேல் தொங்குகிறது.

சென்ற வாரம் என் மகளுக்குச் சளி பிடித்திருந்தது. பழைய செடியில் இலை குறைவாக இருப்பதைப் பார்த்த என் தாயார், தொங்கும் செடியிலிருந்து ஏழெட்டு இலைகளைப் பறித்துக் கொதிக்க வைத்துவிட்டார். ஆவி நன்றாக எழுந்த பிறகும் பழகிய மணம் வரவில்லை என்பதால் அவருக்கே ஐயம் தோன்றி, குழந்தைக்குக் கொடுக்காமல் கீழே கொட்டிவிட்டார். பிறகு படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அது சுவீடன் ஐவியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இவ்விரண்டு செடிகளும் உண்மையிலேயே உறவுள்ளவையா? உறவுள்ளவை என்றால் ஒன்றின் குணம் மற்றொன்றுக்கும் இருக்குமா? இரண்டையும் ஒரே விதமாகப் பராமரிக்கலாமா? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இலைநரம்பு

வணக்கம். தங்கள் தாயார் மணத்தை நம்பி அந்த நீரைக் கொட்டியது சரியான முடிவு. இந்த இரு செடிகளைப் பொறுத்தவரை கண்ணைவிட மூக்கு நம்பகமான சாட்சி.

தாங்கள் தந்திருக்கும் விவரங்களின்படி அது சுவீடன் ஐவிதான். அதன் தாவரவியல் பெயர் பிளெக்ட்ராந்தஸ் வெர்டிசில்லேட்டஸ். கற்பூரவல்லியின் இன்றைய பெயர் கோலியஸ் அம்பாய்னிகஸ். இரண்டும் துளசியும் புதினாவும் அடங்கிய லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. இளந்தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டைகள் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக இணையிணையாக இருக்கும். ஒரு கணுவிலுள்ள இணை கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த கணுவிலுள்ள இணை வடக்கு தெற்காக நிற்கும். பூக்களும் இரண்டு உதடுகள் கொண்டவையே. இவை யாவும் குடும்ப அடையாளங்கள் என்பதால், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. நாற்றுப்பண்ணையில் பெயர் மாறியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

வேறுபாடு இலையில்தான் தெளிவாகத் தெரியும். கற்பூரவல்லியின் இலை தடித்தது. விரலால் மடித்தால் வளைந்து கொடுக்காமல் "பொட்"டென்று முறிந்து, முறிந்த இடத்தில் நீர் கசியும். இருபுறமும் மெல்லிய வெண்தூவிகள் அடர்ந்திருப்பதால் தடவும்போது கம்பளித்துணியைத் தொடுவது போலிருக்கும், பச்சை நிறமும் சற்றுச் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். சுவீடன் ஐவியின் இலை அதைவிடச் சிறியது, மெல்லியது, மேற்புறம் வழவழப்பானது. பல செடிகளில் தண்டும் இலையின் அடிப்புறமும் ஊதா சாயலோடு இருக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று கிடைத்தால், காலை வெளிச்சத்தில் கற்பூரவல்லி இலையின் அடிப்புறத்தை ஒருமுறை பாருங்கள். வெண்தூவிகளுக்கு இடையே, ஊசிமுனையால் தொட்டுவைத்தது போன்ற மிகச் சிறிய மின்னும் துளிகள் தெரியும். அவை பனித்துளிகளல்ல, நறுமண எண்ணெய் தேங்கியிருக்கும் சுரப்பிகள். சுரப்பியின் தலைப்பகுதியில் உருவாகும் எண்ணெய், அதன்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குள் சேர்ந்து நிற்கிறது. விரல் பட்டதும் உறை கிழிந்து எண்ணெய் காற்றில் கலக்கிறது. செடியைத் தொடாமல் கடந்து போனால் மணம் அவ்வளவாக வராததும், லேசாக உரசினாலே அறை முழுவதும் மணப்பதும் இதனால்தான். ஐவியில் சுரப்பிகளே இல்லை என்று கருத வேண்டாம். இருப்பினும் அதன் இலையைக் கசக்கினால் மெல்லிய பச்சிலை வாசம் வருமே தவிர, கற்பூரவல்லியின் காரமான மணம் வராது.

முதல்துளிர்

மிகத் தெளிவான விளக்கத்துக்கு நன்றி. என்னிடமுள்ள பழைய தோட்டக்கலைக் கையேட்டில் கற்பூரவல்லிக்கும் "பிளெக்ட்ராந்தஸ்" என்ற பெயரே தரப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றே நான் இதுவரை எண்ணியிருந்தேன். ஒரே பேரினம் என்றால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் நினைக்கத்தானே செய்வார்கள்?

இலைநரம்பு

தங்கள் கையேடு அச்சான காலத்தில் அது பிழையல்ல. போர்த்துகீசிய இயேசு சபைத் துறவியான ஜோவாவ் டி லூரெய்ரோ 1790ஆம் ஆண்டு இச்செடிக்குக் கோலியஸ் அம்பாய்னிகஸ் என்று பெயரிட்டார். பின்னர் ஸ்பிரெங்கல் என்னும் தாவரவியலாளர் அதைப் பிளெக்ட்ராந்தஸ் பேரினத்துக்கு மாற்றினார். நீண்டகாலம் அந்தப் பெயரே நூல்களில் நிலைத்திருந்தது. மரபணு ஒப்பீடுகளின் அடிப்படையில் இக்கூட்டத்தை மீண்டும் வகைப்படுத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளிவந்த பிறகு, கோலியஸ் தனிப் பேரினமாக மீண்டும் ஏற்கப்பட்டு, கற்பூரவல்லி தன் பழைய பெயருக்கே திரும்பியது. சுவீடன் ஐவி பிளெக்ட்ராந்தஸிலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்றைய வகைப்பாட்டில் இவை உடன்பிறப்புகளல்ல, ஒன்றுவிட்ட உறவினர் என்று சொல்லலாம்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இவை ஒரே பேரினத்தில் நீடித்திருந்தாலும் குணம் ஒன்றாக இருக்கும் என்று கொள்ள முடியாது. பேரினம் என்பது வம்சாவளியைக் குறிக்கும் சொல்; இலைக்குள் என்னென்ன வேதிப்பொருள்கள் எந்த அளவில் சேர்கின்றன என்பதை அது சொல்வதில்லை. ஒரே சிற்றினத்திலும் இந்த வேறுபாடு உண்டு. கற்பூரவல்லியின் எண்ணெயில் கார்வக்ரால், தைமால் ஆகிய இரண்டும் முதன்மையானவை. இரண்டின் மூலக்கூறிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டுமே வேறு. ஓரிடத்தில் வளர்ந்த கற்பூரவல்லியில் கார்வக்ரால் மிகுந்திருக்கும், வேறோரிடத்தில் வளர்ந்ததில் தைமால் மிகுந்திருக்கும். ஓமத்தின் மணத்துக்கும் தைமாலே காரணம் என்பதால், ஓமவல்லி என்ற பெயரை வைத்தவர்கள் மிகச் சரியாக முகர்ந்திருக்கிறார்கள். கற்பூரவல்லி என்ற பெயரைவிட அந்தப் பெயரே செடியின் வேதியியலுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

பெயரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. சுவீடன் ஐவி சுவீடனில் தோன்றிய செடியல்ல, ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரியது. சுவீடனில் வீட்டுச் செடியாகப் பரவலாக விரும்பி வளர்க்கப்பட்டதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அது ஐவியும் அல்ல. உண்மையான ஐவியான ஹெடரா வேறொரு குடும்பத்துச் செடி, அதன் இலையைத் தின்றால் வயிற்றுக்குக் கேடு. ஆகவே பெயர்ச்சீட்டில் "ஐவி" என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த ஐவி என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

வேர்விடும்போத்து

பராமரிப்பைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டையும் ஒரே சன்னலில், ஒரே அளவு நீர் ஊற்றி ஓராண்டு வளர்த்து, இரண்டையும் ஒருசேர வருத்திய அனுபவம் எனக்கு உண்டு.

கற்பூரவல்லி தன் தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும் செடி. வெயிலையும் சிறிது வறட்சியையும் தாங்கும், ஆனால் எந்நேரமும் ஈரமாக இருக்கும் மண்ணைத் தாங்காது. நான் நாள்தோறும் நீர் ஊற்றியபோது, முதலில் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அது நீர் போதாமையின் அறிகுறி என்று தவறாக எண்ணி இன்னும் கூடுதலாக ஊற்றினேன். பத்து நாளில் தண்டு மண்ணோடு சேரும் இடம் கறுத்துக் குழைந்து, கையால் தூக்கியதும் செடி தனியாக வந்துவிட்டது. வேர் முழுவதும் அழுகியிருந்தது. நல்லவேளையாக மேல்தண்டுகள் நலமாக இருந்ததால் அவற்றிலிருந்து போத்து, அதாவது வேர்விட வைப்பதற்கான தண்டுத்துண்டு, எடுத்துச் செடியைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஐவிக்கு ஏற்பட்ட இடர் நீரால் வந்ததன்று, வெயிலால் வந்தது. அது காட்டு நிழலில் வளர்ந்து பழகிய இனம் என்பதால், நேர் வெயில் பட்ட பக்கத்து இலைகள் வெளிறி, ஓரங்கள் பழுப்பாகிச் சுருங்கின. அதே தொட்டியைச் சன்னலிலிருந்து இரண்டடி உள்ளே நகர்த்தியதும், புதிதாக வந்த இலைகள் கரும்பச்சையாக வந்தன. மேல்மண் ஓரங்குலம் காய்ந்ததும் ஐவிக்கு நீர் ஊற்றலாம். கற்பூரவல்லிக்குத் தொட்டியின் பாதி ஆழம் வரை காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். கற்பூரவல்லியின் மண்கலவையில் நான் மூன்றில் ஒரு பங்கு பருமணல் சேர்க்கிறேன். ஐவிக்கு மட்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் கூடுதலாக இருந்தால் நல்லது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று நுனி கிள்ளுதல். தண்டின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைக் கீழ்நோக்கி அனுப்பிக் கொண்டிருக்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கியே கிடக்கும். நுனியைக் கிள்ளினால் அதற்குக் கீழுள்ள கணுவில் இரண்டு புதுத் துளிர்கள் கிளம்பும். கிள்ளாமல் விட்ட ஐவி, மேலே மொட்டைத் தண்டும் கீழே நாலு இலையுமாகத் தொங்கும். கற்பூரவல்லியும் நெடுநெடுவென்று நீண்டு தன் பாரத்தாலேயே சாய்ந்து முறியும்.

நிழல்விரும்பி

கற்பூரவல்லியை நிழலிலேயே வளர்த்தால் என்ன குறை? என் வீட்டில் வெயில் விழும் இடமே இல்லை. செடி உயிரோடுதான் இருக்கிறது.

வேர்விடும்போத்து

உயிரோடு இருக்கும், ஆனால் தாங்கள் எதற்காக அதை வளர்க்கிறீர்களோ அது குறையும். நிழலில் இடைக்கணு நீண்டு, இலை அகன்று மெலிந்து, மணமும் தணிந்துவிடும். அலங்காரச் செடிக்குப் பச்சை மாறாமல் இருந்தால் போதும், மூலிகைக்கு அது போதாது. தங்களிடம் வெயிலே இல்லையென்றால் சுவீடன் ஐவியே பொருத்தமான செடி என்பது என் கருத்து. கற்பூரவல்லிதான் வேண்டும் என்றால், நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரமாவது வெளிச்சம் நேராகப் படும் இடத்தைத் தேடிக் கொடுங்கள்.

பூனைவளர்ப்பவர்

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மூலிகை என்றாலே எவ்வுயிர்க்கும் நல்லது, அலங்காரக் கொடி என்றாலே நஞ்சாக இருக்கலாம் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் தொங்கும் ஐவியை எட்டாத உயரத்திலும், கற்பூரவல்லியைத் தரையிலும் வைத்திருந்தேன். ஒரு மாலையில் என் பூனை கற்பூரவல்லி இலைகள் மூன்று நான்கைக் கடித்துத் தின்றுவிட்டு, அன்றிரவு பலமுறை வாந்தி எடுத்தது. மறுநாள் உணவையும் தொடாமல் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோன பிறகே தேறியது. செடியின் பெயரைச் சொன்னதும் அவர் காரணத்தை விளக்கினார்.

விலங்குகள் மீதான கொடுமையைத் தடுப்பதற்கான அமெரிக்கச் சங்கமான ஏஎஸ்பிசிஏ வெளியிட்டிருக்கும் பட்டியலைப் பின்னர் பார்த்தேன். அதில் கற்பூரவல்லி, அதன் நறுமண எண்ணெயின் காரணமாக நாய், பூனை, குதிரை ஆகியவற்றுக்கு நச்சுள்ளது என்றும், சுவீடன் ஐவி நச்சற்றது என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. நான் செய்திருந்தது முழுக்கத் தலைகீழானது.

இலைநரம்பு

தங்கள் பூனை நலம் பெற்றது குறித்து மகிழ்ச்சி. இதன் பின்னாலுள்ள காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்வக்ராலும் தைமாலும் பீனால் வகைப் பொருள்கள். மனித உடலில் கல்லீரல் இத்தகைய பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றுகிறது. பூனைகளில் இவ்வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றை உருவாக்கும் மரபணு செயலிழந்துவிட்டது. அதனால் நமக்கு எளிதில் கழிந்துபோகும் அளவே அவற்றின் உடலில் தேங்கித் தீங்கு செய்யக்கூடும்.

இதையே மனிதருக்கும் சற்றுப் பொருத்திப் பார்க்க வேண்டும். செயல் உள்ள பொருளுக்கு அளவும் உண்டு. கற்பூரவல்லி எண்ணெய் சில நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வகக் கிண்ணங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பிரித்தெடுத்த எண்ணெய் கிண்ணத்தில் செய்வதை, நாலு இலை போட்ட வெந்நீர் உடலுக்குள் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. சளி, இருமலுக்கு இந்த இலையைப் பயன்படுத்தும் மரபை நான் மதிக்கிறேன், நானும் பயன்படுத்துகிறேன். ஆயினும் கைக்குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மூச்சிரைப்போ விடாத காய்ச்சலோ இருந்தால் இலையைத் தேடாமல் மருத்துவரிடம் செல்வதே முறை.

முதல்துளிர்

அப்படியானால் தொட்டித்தோட்டம் அவர்களின் தாயார் அந்த ஐவி நீரைக் கொடுத்திருந்தாலும் தீங்கு நேர்ந்திருக்காது என்று கொள்ளலாமா? நச்சற்றது என்று பட்டியலே சொல்கிறதே.

இலைநரம்பு

அவ்வாறு கொள்ள வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் வளர்ப்பு விலங்குகளை மனத்தில் கொண்டு தொகுக்கப்பட்டது. தவறிக் கடித்தால் பெரிய கேடு இல்லை என்பதற்கும், காய்ச்சிக் குடிக்கத் தகுந்தது என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது.

இன்னொரு காரணம் செடியின் தன்மையைச் சார்ந்ததே அல்ல. அலங்காரத்துக்காக விற்கப்படும் செடிகளுக்கு மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வராமலிருக்க, இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்துவது உண்டு. அவை வேர்வழியே ஏறி இலைச்சாற்றிலேயே கலந்திருக்கும் என்பதால், இலையை எத்தனை முறை கழுவினாலும் நீங்காது. உண்பதற்கென்று வளர்க்கப்படாத செடியின் இலையை உண்ணாமலிருக்க இந்த ஒரு காரணமே போதும். கற்பூரவல்லியையே அலங்காரச் செடிகளோடு சேர்த்து வாங்கியிருந்தால், அதிலிருந்து போத்து எடுத்துத் தனித்தொட்டியில் நட்டு, புதிதாக நன்கு தழைத்த பிறகே இலை பறியுங்கள்.

வடிவ ஒற்றுமையை நம்புவது எவ்வளவு கெடுதலானது என்பதற்கு மணி பிளான்ட்டும் நல்ல எடுத்துக்காட்டு. அதன் இளங்கொடியிலுள்ள இலை வெற்றிலையைப் போலவே தோன்றும். ஆனால் அதற்குள் ஊசிவடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடித்தால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

நிழல்விரும்பி

வீட்டுக்குள் காற்றைத் தூய்மைப்படுத்துவதில் இவ்விரண்டில் எது மேலானது? கொசு வராமலிருக்கக் கற்பூரவல்லி போதும் என்றும் சொல்கிறார்களே?

இலைநரம்பு

இரண்டிலும் அந்தப் பயனை எதிர்பார்க்க வேண்டாம். செடிகள் காற்றிலுள்ள மாசை நீக்கும் என்று காட்டிய, நாசா 1989ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அடைத்த சிறு கூண்டுகளுக்குள் நடந்தது. பிற்காலத்தில் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகள் பலவற்றைத் தொகுத்துக் கணக்கிட்டு, 2019ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். காற்றோட்டத்தால் மாசு இயல்பாகவே நீங்கும் அளவை எட்டுவதற்கு ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு. சன்னலைத் திறந்து வைப்பதே மேல். கொசுவைப் பொறுத்தவரை, எண்ணெய் சுரப்பிக்குள் அடைபட்டிருக்கும்வரை தொட்டியில் சும்மா நிற்கும் செடி எதையும் விரட்டாது.

தொட்டித்தோட்டம்

விளக்கமளித்த அனைவருக்கும் நன்றி. இந்த ஒன்பது நாள்களில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தாயாரின் கண்களை மூடச்சொல்லி, இரு செடிகளின் இலைகளையும் கசக்கி ஒவ்வொன்றாக முகரக் கொடுத்தேன். இரண்டாவது இலையை மூக்கருகே கொண்டுசென்ற உடனேயே கற்பூரவல்லி என்று சொல்லிவிட்டார். பிறகு கண்ணைத் திறந்து, இரண்டையும் விரலால் தடவிப் பார்த்து, "தடவியிருந்தாலே தெரிந்திருக்குமே" என்று வருந்தினார். கைக்கண்ணாடியில் அந்தத் துளிகளையும் பார்த்தோம். என் மகள் இலைக்கு வியர்த்திருக்கிறது என்று சொன்னாள்.

ஐவித் தொட்டியிலிருந்த பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டு, "சுவீடன் ஐவி, பறிக்க வேண்டாம்" என்று எழுதிச் செருகியிருக்கிறேன். அதைச் சன்னலிலிருந்து உள்ளே நகர்த்தி, கற்பூரவல்லிக்கு முழு வெயிலையும் விட்டுக்கொடுத்தாயிற்று. கற்பூரவல்லியிலிருந்து நான்கு போத்துகள் எடுத்து நீரில் வைத்ததில் மூன்று வேர்விட்டிருக்கின்றன. ஒன்றின் அடிமுனை மட்டும் வழவழப்பாகக் குழைந்துவிட்டது. வேர்கள் இப்போது அரை அங்குல நீளம் இருக்கின்றன. உடனே மண்ணில் நடலாமா?

வேர்விடும்போத்து

இன்னும் நாலைந்து நாள் பொறுத்து, வேர் ஓரங்குலம் வந்ததும் நடுங்கள். குழைந்த போத்தை இன்றே அப்புறப்படுத்திவிட்டு, மற்றவற்றின் நீரையும் மாற்றிவிடுங்கள். அதன் தண்டு மேலே உறுதியாக இருந்தால், குழைந்த பகுதிக்கு இரண்டு கணு மேலே வெட்டி, வெட்டுவாய் ஒருநாள் நிழலில் காய்ந்த பிறகு, நீரில் வைக்காமல் நேரே ஈரமணலில் ஊன்றிப் பாருங்கள். நான் வேர் அழுகலிலிருந்து மீட்ட செடி அப்படித்தான் பிழைத்தது.